காம்பவுண்டுச் சுவர் போதுமா?

சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் வெளியே கவனியுங்கள். கரிசல் காட்டுக்கு நடுவே நீளமாக ஒரு சுவரோ கம்பி வேலியோ ஓடும். உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும். நடுவே வெறுந்தரை, நாலு வேப்பமரம், உயரமாக ஓர் இடிதாங்கி. இவ்வளவு இடம் கிடக்கிறதே, ஒரே பெரிய கட்டடமாகக் கட்டினால் செலவும் மிச்சம், வெயிலில் அறைக்கு அறை நடக்கவும் வேண்டாமே என்று தோன்றும்.

வீட்டில் யாராவது பட்டாசு வேலைக்குப் போகிறவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஒரே மூச்சில் காரணம் சொல்லிவிடுவார். மருந்து கலக்கும் அறையில் உராய்ந்து தீப்பிடித்தால், அது அந்த அறையோடு நிற்க வேண்டும். பக்கத்து அறைக்குத் தாவக் கூடாது. அதற்குத்தான் இடைவெளி. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும் என்று நாக்பூர் லைசென்ஸ் வாங்கிய ஆலைக்கு விதிகள் நீண்டுகொண்டே போகும். (வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருப்பதால் ஊரில் அப்படித்தான் பெயர்.) வெளியே சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், உள்ளே ஒவ்வோர் அறையும் தனித்தனியாகப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். நம்மூர்க்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் சில, இதே பாடத்தை 2013-இல்தான் முழுதாகப் படித்தன. அந்தக் கதைதான் இந்த மாதம்.

முதலில் ஒரு கடைக்குப் போவோம். தீபாவளிக்கு முன்னால் ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பும் ஒரு பெட்டி தரைச்சக்கரமும் வாங்குகிறீர்கள். அப்பா கியூ.ஆர். அட்டைக்கு நேரே போனைக் காட்டி, 240 ரூபாய் என்று தட்டி, ரகசிய எண்ணைப் போடுகிறார். சில நொடிகளில் மேஜைமேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் பணம் வந்துவிட்டதென்று கடை முழுக்கக் கேட்கச் சொல்கிறது.

அந்தச் சில நொடிக்குள் செய்தி எங்கெல்லாம் போய் வந்தது தெரியுமா? போனிலிருந்து கிளம்பி, அந்த ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கிக்குப் போனது. அங்கிருந்து என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்துக்கு. அதன் கணினி மையங்கள் சென்னையிலும் ஐதராபாத்திலும் இருக்கின்றன. அது அப்பாவின் வங்கியிடம் “இந்தக் கணக்கில் 240 எடு” என்றது. “எடுத்தாயிற்று” என்று பதில் வந்ததும், கடைக்காரரின் வங்கியிடம் “இந்தக் கணக்கில் 240 சேர்” என்றது. சேர்ந்ததும் இரண்டு பக்கமும் தகவல் சொன்னது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறந்தது.

இந்த யூ.பி.ஐ. முறை 2016-இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. ஆயிரம் கோடியை 31 நாளால் வகுத்து, 24 மணியால் வகுத்து, 3,600 நொடியால் வகுங்கள். நள்ளிரவு இரண்டு மணியையும் சேர்த்துச் சராசரி எடுத்தாலே நொடிக்கு 3,700-க்கு மேல் வருகிறது. நீங்கள் ‘ஒன்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் மூவாயிரத்து எழுநூறு பேர் பணம் கொடுத்துவிட்டார்கள்!

சாதாரணக் கணினி ஒன்று இந்தப் பாரத்தைத் தாங்காது. தாங்கும் அளவுக்குப் பெரிதாக ஒன்று இருந்தாலும், அது படுத்துவிட்டால் நாடே கையில் சில்லறையைத் தேட வேண்டும். அதனால் இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பல கணினிகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். அப்படிச் சேர்ந்து வேலை செய்யும் கூட்டத்துக்கு கிளஸ்டர் என்று பெயர். அதில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு சர்வர். ஒன்று வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும். இன்னொன்று சரிபார்க்கும். மற்றொன்று கணக்கில் எழுதும். எழுதியதை வேறு இரண்டு சர்வர்கள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். வாசலுக்கு வந்தது ஒரே செய்தி. உள்ளே அது பத்துப் பதினைந்து பேச்சுவார்த்தை ஆகிவிடுகிறது. பெரிய கணினி மையங்களில் வெளியே போய் வரும் போக்குவரத்தைவிட உள்ளுக்குள் நடப்பதுதான் அதிகம்.

இப்போது கேள்வி. போனிலிருந்து வாசல்வரை செய்தி மறைத்து அனுப்பப்படுகிறது. நடுவில் யார் பார்த்தாலும் கிறுக்கல்தான் தெரியும். இதற்கு மறையாக்கம் என்று பெயர். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின், சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும்போது?

வெகுகாலம் பலர் சொன்ன பதில்: “உள்ளேதானே, நம்ம இடம்தானே, எதற்கு மறைக்க வேண்டும்?” வாசல் சர்வர் மறையாக்கத்தைப் பிரித்துவிடும். அதற்கப்புறம் எல்லாம் வெளிப்படையாக ஓடும். காவலாளி இருக்கிறார், கதவுக்குக் கைரேகை இருக்கிறது, கேமரா இருக்கிறது. யார் நுழையப் போகிறார்கள்? மறைப்பதற்கும் பிரிப்பதற்கும் அன்றைய கணினிகள் நிறையவே மூச்சு வாங்கின என்பதும் உண்மைதான்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கிளஸ்டர் ஒரே கட்டடத்தில் முடிந்துவிடுவதில்லை. வெள்ளம் வந்தாலும் கரண்டு போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று ஒரு பாதியை ஓர் ஊரிலும் மறு பாதியை வேறோர் ஊரிலும் வைப்பார்கள். சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே சாலை வழியாக அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். இப்படிப்பட்ட இரண்டு மையங்களை இணைப்பது மண்ணுக்கடியில் போகும் கண்ணாடி இழை. விருதுநகர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலை ஓரத்தில் ‘கேபிள் செல்கிறது, தோண்டாதீர்’ என்று எழுதிய சின்னக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் ஓடுவதும் இந்த மாதிரி இழைதான். தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி. அதற்குள் ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி, வெளியே வராமல் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் பாடப் புத்தகம் இதை முழு அக எதிரொளிப்பு என்கிறது. ஆனால் இழையைக் கொஞ்சம் அதிகமாக வளைத்தால், வளைவில் ஒளி துளியூண்டு வெளியே கசியும். அறுக்க வேண்டாம், நிறுத்த வேண்டாம். கசிகிற ஒளியைப் பிடிக்க ஒரு கருவி இருந்தால் போதும், உள்ளே ஓடுவதை ஒட்டுக்கேட்கலாம். அந்தப் பக்கம் செய்தி வழக்கம்போலப் போய்ச் சேரும். ஒருவருக்கும் எளிதில் சந்தேகம் வராது. கட்டட வாசலில் கைரேகை வைத்த கதவு இருந்து என்ன பயன்?

2013 அக்டோபர் 30-ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வும் பிரிட்டன் உளவு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ.வும் சேர்ந்து, கூகுள், யாஹூ கம்பெனிகளின் கணினி மையங்களை இணைக்கும் கம்பித் தடங்களில் காது வைத்திருக்கின்றன என்றது அந்தச் செய்தி. என்.எஸ்.ஏ.வுக்கு ஒப்பந்த முறையில் வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் அதற்கான படமும் இருந்தது. கையால் கிறுக்கிய சின்னப் படம். ஒரு பக்கம் பொது இணையம், மறு பக்கம் கூகுளின் உள் உலகம், நடுவில் வாசல் சர்வர். ‘மறையாக்கம் இங்கே பிரிக்கப்படுகிறது’ என்ற பொருளில் வாசலுக்கு ஓர் அம்புக்குறி. பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்!

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கூகுளோடு நெருங்கிய இரண்டு பொறியாளர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள் என்று அதே பத்திரிகை எழுதியது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாசலை உடைக்க யாரும் மெனக்கெடவில்லை. சுவருக்கு உள்ளே எதுவும் மறைக்கப்படவில்லை என்பது தெரிந்ததால், உளவுக்காரர்கள் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கூகுள் தன் மையங்களுக்கு இடையிலான மறையாக்க வேலையை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது, அதை முடுக்கிவிட்டது. யாஹூ நவம்பரில் அறிவித்து, 2014 மார்ச் முடிவில் வேலையை முடித்தது. அதன் பிறகு ‘நம்ம இடம்தானே’ என்ற பேச்சுக்கு மதிப்புக் குறைந்துபோனது.

சரி, மறைக்க வேண்டும் என்றால் சாவி வேண்டும். இரண்டு சர்வர்களிடமும் ஒரே சாவி இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சாவியை எப்படி அனுப்புவது? அதே கம்பி வழியாக அனுப்பினால் காது வைத்திருப்பவர் அதையும் எடுத்துக்கொள்வாரே! எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாத்தூர், வெம்பக்கோட்டை என்று இரண்டு சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (சர்வர்களுக்கு ஊர்ப்பெயர் வைப்பவர்கள் நிஜமாகவே உண்டு.) இரண்டும் எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு எண்களைப் பேசி முடிக்கின்றன: 23, 5.

சாத்தூர் தன் மனசுக்குள் ஒரு ரகசிய எண் நினைக்கிறது: 3. ஐந்தை மூன்று முறை பெருக்கினால் (5 × 5 × 5) 125. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 10. இந்த 10-ஐ மட்டும் வெம்பக்கோட்டைக்கு அனுப்புகிறது.

வெம்பக்கோட்டையின் ரகசிய எண் 7. ஐந்தை ஏழு முறை பெருக்கினால் 78,125. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 17. அந்த 17-ஐ சாத்தூருக்கு அனுப்புகிறது.

இப்போது சாத்தூர், தனக்கு வந்த 17-ஐத் தன் ரகசிய எண்ணான மூன்று முறை பெருக்குகிறது: 4,913. 23-ஆல் வகுத்தால் மீதி 14. வெம்பக்கோட்டை, தனக்கு வந்த 10-ஐ ஏழு முறை பெருக்குகிறது: சரியாக ஒரு கோடி. ஒரு கோடியை 23-ஆல் வகுத்துப் பாருங்கள், அவசரப்படாமல் வகுங்கள். மீதி 14!

இரண்டு பேரிடமும் 14 வந்துவிட்டது. ஆனால் கம்பியில் 14 ஒருமுறைகூடப் போகவில்லை. காது வைத்திருந்தவருக்குக் கேட்டவை 23, 5, 10, 17 ஆகிய நான்கு எண்கள்தான். அவற்றை எப்படிக் கூட்டினாலும் பெருக்கினாலும் நேராக 14 வராது. ஐந்தை ஐந்தால் பெருக்கிக்கொண்டே போய், எப்போது மீதி 10 வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நம் எண்கள் சின்னவை, இருபத்திரண்டு முறைக்குள் மாட்டிக்கொள்ளும். நிஜத்தில் 23-க்குப் பதிலாக அறுநூறு இலக்கத்துக்கு மேல் நீளும் பகா எண்ணைப் போடுவார்கள். பெருக்கி வகுப்பது கணினிக்குக் கண் இமைக்கும் வேலை. மீதியிலிருந்து பின்னோக்கிப் போவதற்கு இன்றைய கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் காலம் போதாது.

இந்த வழியை 1976-இல் வெளியிட்டவர்கள் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே பிரிட்டனில் மால்கம் வில்லியம்சன் என்ற கணிதக்காரர் இதையே கண்டுபிடித்திருந்தார். அவர் வேலை பார்த்தது ஜி.சி.எச்.க்யூ.வில்; மேலே கம்பியில் காது வைத்ததாகப் படித்தீர்களே, அதே அமைப்பு! அவர்கள் அதை ரகசியமாகவே வைத்திருந்து 1997-இல்தான் வெளியே சொன்னார்கள். ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் கணக்கு, ஒட்டுக்கேட்பவர் அலமாரியிலேயே இருபது வருஷத்துக்கு மேல் தூங்கியிருக்கிறது.

சாவி கிடைத்தபின் செய்தியை மறைப்பதற்கு வேறொரு முறை இருக்கிறது. ஏ.இ.எஸ். என்று பெயர், பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் உருவாக்கி, 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. செய்தியைப் பதினாறு பதினாறு பைட்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் சாவியோடு சேர்த்துக் குறைந்தது பத்து சுற்று குலைக்கும். இதில் இருக்கும் மிகச் சிறிய சாவிக்கே எத்தனை வாய்ப்புகள் என்றால், அந்த எண்ணை எழுத 39 இலக்கம் வேண்டும். 2010 முதல் இன்டெல் சில்லுகளில் இந்தக் குலைக்கும் வேலைக்கென்றே தனிக் கட்டளைகள் வந்துவிட்டன. ‘கணினி மூச்சு வாங்குகிறது’ என்ற பழைய சாக்கு அத்தோடு போயிற்று.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. மேலே சொன்ன கணக்கில், சாத்தூர் பேசுவது வெம்பக்கோட்டையோடுதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு சாத்தூரிடம் “நான்தான் வெம்பக்கோட்டை” என்றும், வெம்பக்கோட்டையிடம் “நான்தான் சாத்தூர்” என்றும் சொன்னால்? இருவரோடும் தனித்தனிச் சாவி போட்டுக்கொண்டு நடுவில் எல்லாவற்றையும் படித்துவிடுவான். அதனால் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். கிளஸ்டருக்கென்று இருக்கும் ஒரு தலைமை, அதில் போலி செய்ய முடியாத ஒரு கணக்கு முத்திரை போட்டுத் தரும். நீங்கள் போனில் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது பெரும்பாலும் அந்தத் தளம் மட்டும்தான் சான்றிதழைக் காட்டும். கிளஸ்டருக்குள் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் காட்ட வேண்டும், இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். பக்கத்திலேயே பத்து வருஷமாக இருக்கும் சர்வராக இருந்தாலும், ஒவ்வொரு புது இணைப்புக்கும் காட்டியே ஆக வேண்டும். ஆலைக்குள்ளே ஒவ்வோர் அறைக்கும் தனி விதி என்றோமே, அது இங்கே இந்த உருவத்தில் வருகிறது.

யூ.பி.ஐ.யில் அப்பா போட்ட ரகசிய எண்ணுக்கு இதற்கும் மேலே ஒரு காவல் உண்டு. எண்ணை வாங்கும் அந்தக் குட்டித் திரை, ஆப் கம்பெனியுடையதே இல்லை, என்.பி.சி.ஐ. கொடுத்த நிரல். எண் போனிலேயே மறைக்கப்படுகிறது. ஆப்புக்கும் தெரியாது, நடுவில் இருக்கும் வங்கிக்கும் தெரியாது. என்.பி.சி.ஐ.யில் பிரித்து, உடனே அப்பாவின் வங்கிக்கு மட்டும் புரியும்படி வேறு சாவியால் மறைத்து அனுப்புகிறார்கள். அந்த வங்கியின் சர்வர்தான் சரியா தப்பா என்று பார்க்கும். இத்தனை பாதுகாப்பையும் தாண்டி எண் வெளியே போக ஓர் எளிய வழி இருக்கிறது: போனில் யாரோ கேட்டதும் நாமே வாயால் சொல்லிவிடுவது. அதற்குக் கணிதத்தில் மருந்து இல்லை.

இதெல்லாம் தொல்லையே இல்லாமல் நடக்கிறதா என்றால், இல்லை. சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2018 டிசம்பர் 6-ஆம் தேதி பிரிட்டனில் ஓ2 என்ற போன் கம்பெனியின் 3 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க இணையம் இல்லை. எரிக்சன் என்ற கம்பெனி கொடுத்த மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். அதே நாளில் ஜப்பானிலும் ஒரு போன் கம்பெனி இதே காரணத்தால் படுத்தது.

இன்னொரு தொல்லை கொஞ்சம் குறும்பானது. கம்பியில் செய்தி ஒரேயடியாகப் போகாது; 1,500 பைட் அளவுத் துண்டுகளாகப் போகும். மறைத்த துண்டுக்கு மேலே கொஞ்சம் கூடுதல் விவரம் ஒட்ட வேண்டும். வயர்கார்டு என்றொரு முறையில் அதற்கு 60 முதல் 80 பைட் வரை பிடிக்கும். ஆகவே உள்ளே வைக்கும் சரக்கை 1,420-க்குள் அடக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? “நலமா?”, “நலம்” என்ற சின்னச் செய்திகள் ஜோராகப் போகும். பெரிய கோப்பு அனுப்பினால் அப்படியே நின்றுவிடும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், எதுவும் நடக்காது. இரவெல்லாம் கண்விழித்துத் தேடியவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள், மறுநாள்தான்.

மறையாக்கம் எதைக் காக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது காப்பது வழியை. ஒரு சர்வருக்குள்ளேயே திருடன் புகுந்துவிட்டால், அங்கே செய்தி பிரிந்துதான் கிடக்கும். எந்த சர்வர் எந்த சர்வரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசியது என்பதும் வெளியே தெரியும். பேசியது என்ன என்பது மட்டும்தான் தெரியாது. அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டிவிட்டு, நடுவில் உள்ள வெறுந்தரையில் சரக்கைக் காயப்போட்டால் இடைவெளி இருந்தும் இல்லாத மாதிரிதான். சாவியைப் பூட்டாத கோப்பில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கும் கம்ப்யூட்டர்க்காரர்கள் செய்வதும் அதையேதான். அப்படிப்பட்டவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. இந்த முறை நீங்கள்தான் கம்பியில் காது வைத்திருப்பவர். விருதுநகர் சர்வரும் திருத்தங்கல் சர்வரும் பேசிக்கொண்ட பொது எண்கள் 29, 2. விருதுநகர் அனுப்பியது 3. திருத்தங்கல் அனுப்பியது 18. இரண்டும் எந்தச் சாவியில் போய்ச் சேர்ந்தன? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 29-ஆல் வகுத்து மீதியைக் குறித்து வாருங்கள். விருதுநகரின் ரகசிய எண் ஒரு கை விரல்களுக்குள் அகப்பட்டுவிடும். திருத்தங்கலுக்கு இரண்டு கை விரல்களும் போதாது. விடை அடுத்த இதழில்.